பழைய குரல் நீக்கம்

முதல் ஃபைலில் ஒரு தப்பும் இல்லை. தணிகைவேலுக்கு அதுவே பெரிய குறையாக இருந்தது. சனிக்கிழமை காலை பல் விளக்கிய கையோடு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தவன், காபி ஆறி ஆடை கட்டும்வரை ஒரே ஒரு தப்பைத் தேடிக்கொண்டிருக்கிறான், கிடைத்தபாடில்லை. திரையின் இடது பக்கம் சிவப்பு வரிகள், நிரலிலிருந்து எடுக்கப்படுபவை, முக்கால்வாசி அவன் எழுதியவை. வலது பக்கம் பச்சை வரிகள், புதிதாக வருபவை, அத்தனையும் மங்கையர்க்கரசி எழுதியவை. பார்வை இல்லாதவர்களுக்குத் தமிழை வாய்விட்டுப் படித்துக் காட்டும் நிரல் அது. கல்யாணமான புதிதில் இதே மடிப்பாக்கம் வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து எழுதியது, யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம். இதுவரை லினக்ஸில் மட்டும்தான் ஓடும். இப்போது விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும்படி அரசி தனி ஆளாக மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறாள், அவன் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பார்க்காமல் உள்ளே விடக்கூடாது என்று அப்போது ஒரு விதி போட்டிருந்தார்கள். போன மாதம் குடும்ப நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணத்தையே முடித்தாயிற்று, விதி மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கும் இன்றோடு முடிவு. இந்த மாற்றம் உள்ளே போனதும் தான் விலகிக்கொள்வதாகவும் தன் இடத்துக்குத் திருநெல்வேலி பூரணலிங்கம் வருவார் என்றும் குறிப்பின் அடியில் எழுதியிருந்தாள். இவன் சரி என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு இவனுக்கு ஒரு வரி எழுத அவளுக்கு முகாந்திரம் கிடையாது. ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் அவள் பதில் சொல்லியாக வேண்டும், திருத்தி அனுப்பியாக வேண்டும், இன்னும் இரண்டு நாள் ஓடும். பெண்டாட்டியோடு பேச இப்படியும் ஒருத்தன் வழி தேடுவானா என்றால், தேடிக்கொண்டுதான் இருந்தான்.

இரண்டாவது ஃபைலில் அவனுடைய பழைய வித்தை ஒன்று சிவப்பாகக் கிடந்தது. ஒரு வாக்கியத்தைக் குரலாக்கி ஒரு தற்காலிக ஃபைலில் வைத்து, அதைப் போட ஆரம்பித்த உடனேயே அந்த ஃபைலை அழித்துவிடுவது. லினக்ஸில் அது செல்லும். பெயர் போய்விடும், ஆனால் யாராவது அதைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளே இருப்பது போகாது, குரல் கடைசிச் சொல்வரை பேசி முடித்துவிட்டுத்தான் மறையும். குப்பை சேராது. அன்றைக்கு அதை எழுதிவிட்டு அவன் அடைந்த பெருமை இருக்கிறதே, காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினான். விண்டோஸில் இது எடுபடாது, இதை இன்னொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார், அழிக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்து அங்கேயே நின்றுவிடும். அரசி அதைத்தான் கேட்டாள். "ஏன்ப்பா, அந்தக் கண்ணு தெரியாத பிள்ளைக ஸ்கூல்ல இருக்கிறது பூராம் விண்டோஸ்தான? அங்கிட்டு இது நின்டுறாதா?" கையில் பாதி நறுக்கிய பீன்ஸ். "அவங்க லினக்ஸுக்கு மாறிக்கட்டும் அரசி. அவங்க நல்லதுக்குத்தானே சொல்றோம்" என்றான். எப்போதும் அவங்கதான் மாறிக்கொள்ள வேண்டும். மதுரையில் அவளுக்குப் பிடித்த வேலை இருந்தது, அவள் சென்னைக்கு மாறிக்கொண்டாள். ராத்திரி இட்லி தோசையோடு முடித்துக்கொள்கிற வீட்டில் பிறந்தவள், இவனுக்காக ராத்திரியும் சோறு வடிக்கப் பழகினாள். இவன் எதற்கு மாறினான் என்று இப்போது யோசித்துப் பார்த்தால் ஒன்றுகூட உருப்படியாக ஞாபகத்துக்கு வரவில்லை. இல்லை, ஒன்று உண்டு. அவள் பத்துத் தடவை சொன்னதற்காக விண்டோஸில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்து, பத்து நாள் முக்கி முனகி, பாதியில் விட்டான். அந்தப் பாதியைத்தான் இப்போது அவள் முழுசாக்கியிருக்கிறாள். அவனுடைய வித்தையை எடுத்துவிட்டு, குரல் பேசி முடிக்கும்வரை காத்திருந்து அதன் பிறகு அழி என்று நேராக எழுதியிருக்கிறாள். எந்த இயங்குதளத்திலும் அது நடக்கும். பக்கத்தில் குறிப்பு வேறு: முந்தைய முறை லினக்ஸில் மிக நன்றாக வேலை செய்தது. அந்த 'மிக நன்றாக' அவனைச் சுட்டது. கிண்டலாக எழுதியிருந்தால்கூடத் தேவலை.

கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா, தலையில் துண்டு, கையில் சாவிக்கொத்து. "தணிகை, தண்ணி லாரி வந்து நிக்குது. உங்க சைடு வால்வ கொஞ்சம் தொறந்து விடேன், அவன் பாட்டுக்குக் கெளம்பிடப் போறான்." போய்த் திறந்துவிட்டான். குழாயில் முதலில் காற்றும் பிறகு தண்ணீரும் வரும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டான். படியேறும்போது ரெஜினா அக்கா, "அரசி எப்படி இருக்கா, பேசினியா?" என்றாள். "இன்னிக்குப் பேசணும்க்கா" என்றான். பொய்யில்லை, கொஞ்சம் அப்படித்தானே. வந்து உட்கார்ந்ததும் எதிரே அலமாரி. அதைப் பார்க்காமல் இந்த அறையில் உட்கார முடியாது. அதற்குள்ளேதான் அரசியின் குரலைப் பதிவு செய்தான். துணிகள் எதிரொலியை உறிஞ்சும் என்று எங்கோ படித்துவிட்டு, அவளை அலமாரிக்குள் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, கதவை முக்கால்வாசி சாத்தி, மைக்கைக் கையில் கொடுத்துப் பேப்பரில் வந்த வாக்கியங்களை வரிசையாகப் படிக்கச் சொன்னான். நிரலுக்கு ஒரு குரல் வேண்டும், குரலுக்குக் காசு கொடுக்க வக்கில்லை, வீட்டிலேயே நல்ல குரல் இருந்தது. சித்திரை மாத வெயில். "தணிகை, வேர்க்குதுப்பா. வெளிய வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் படிக்கிறேனே." "இன்னும் ஒண்ணே ஒண்ணு." ஒண்ணே ஒண்ணு என்று எத்தனை. மதுரை இழுவை வந்தால் மறுபடி, மூச்சு வாங்கினால் மறுபடி, சிரித்தால் மறுபடி. அப்புறம் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து இருமலை வெட்டினான், தொண்டைச் செருமலை வெட்டினான், பசிக்குது என்று சொன்னதை, ஏய் பூனை பாலைத் தள்ளிருச்சு என்று கத்தினதை, அவன் பெயரைச் சொன்ன இடங்களையெல்லாம் வெட்டினான். சுத்தமான வாக்கியங்கள் மட்டும் மிஞ்சின, அவற்றின் ஒலிகளைக் கோத்து நிரல் எதை அடித்தாலும் அவள் குரலில் படிக்கும். வெட்டின துண்டுகளையாவது வைத்திருந்தானா, டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று அழித்தான். ஒரு பெண் தன் புருஷனோடு பேசினதையெல்லாம் பொறுக்கி எடுத்துப் போட்டுவிட்டு, மழை நிலவரமும் சட்டசபைச் செய்தியும் படித்ததைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான்.

மூன்றாவது, நான்காவது ஃபைல்கள் சுத்தம். ஐந்தாவதைத் திறந்தான். நீளமான சிவப்பு. உருட்ட உருட்டச் சிவப்பு, எல்லாம் குரல் ஃபைல்களின் பெயர்கள். அரசியின் குரல் முழுவதும் எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஆசிரியை ஒருவர் பதிவு செய்து கொடுத்த குரல் வந்திருந்தது. மேலே ஒரே வரியில் காரணம்: பழைய குரல் நீக்கம், பதிவு செய்தவர் விருப்பப்படி. பதிவு செய்தவராம். யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றி எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறாள். அவனுக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை, ஒரு சந்தோஷம், அதை நினைத்துப் பிற்பாடு கூசினான். சிக்கியது தப்பு. ஒரு மாற்றத்தில் ஒரு வேலைதான் இருக்க வேண்டும், இது எங்கும் உள்ள வழக்கம். நிரலைப் பல இயங்குதளங்களில் ஓட வைப்பது ஒரு வேலை, குரலை மாற்றுவது வேறு வேலை, இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டக்கூடாது. நியாயம் அவன் பக்கம். தனியாகப் பிரித்து அனுப்பவும் என்று எழுதினால் யாரும் குற்றம் சொல்ல முடியாது, பூரணலிங்கம்கூட ஆமாம் என்பார். அனுப்பிய பிறகு குரல் மாற்றத்தைப் பற்றித் தனியாக விவாதிக்கலாம், பழகிய குரலைத் திடீரென்று எடுத்தால் கேட்கிறவர்கள் தவித்துப்போவார்கள் என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஒரு தடவை பார்வையற்றோர் பள்ளிக்குப் போனபோது ஒரு சின்னப் பெண் அரசி வாயைத் திறந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானா அது?" என்று கேட்டதாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். இத்தனை ஆசையாக இருந்தவள் ஏன் எடுக்கிறாள்? விரல்கள் 'தனியாக' என்று அடித்துவிட்டு நின்றன. ஏன் என்று அவனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி கேட்டுக்கொள்ளவும் தெரியும். ஏப்ரல் மாதத்தைத் தொடாமல் சுற்றிப் போவதில் இந்த ஒன்றரை வருஷத்தில் நல்ல பழக்கமாகிவிட்டது.

அந்த ஏப்ரலில்தான் அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து அவள் மதுரைக்குப் போனாள். நீயும் வா, கொஞ்ச மாசம் இங்கிருந்தே வேலை பார்க்கலாம் என்றாள். அங்கே வந்து நான் என்ன செய்வது என்றான். வார்த்தை தடித்தது, அவள் போனை எடுப்பதை நிறுத்தினாள். ஒரு வாரம் ஆயிற்று. வேறு எவனாக இருந்தாலும் பஸ் ஏறியிருப்பான். இவன் லேப்டாப்பைத் திறந்தான். 'தணிகை, தப்பு என் மேலதான். அடுத்த வாரம் வந்துடறேன்' என்று அடித்து, நிரலைக் கொண்டு அதை அவள் குரலில் பேச வைத்தான். விளையாட்டுக்குத்தான். கேட்டால் சிரித்துவிடுவாள், சிரித்தால் கோபம் இறங்கிவிடும் என்று நினைத்தான், சத்தியமாக நினைத்தான். முதல் தடவை செய்தி வாசிக்கிற மாதிரி வந்தது. பெயரை ஒட்டிக் கொஞ்சம் இடைவெளி விட்டான். கடைசியில் குரலைத் தாழ்த்தினான். மறுபடி கேட்டான், மறுபடி திருத்தினான். திருந்தத் திருந்த அவளே பக்கத்தில் இருந்து சொல்கிற மாதிரி ஆயிற்று. அது காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சிரிக்கிற பொம்மை ஒன்றைச் சேர்த்து அவள் போனுக்கு அனுப்பினான். சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "அதை எத்தனை தடவை திருத்துன?" "சும்மா விளையாட்டுக்கு..." "அதக் கேக்கல. எத்தனை தடவை போட்டுப் போட்டுக் கேட்ட?" அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. "அப்பா பக்கத்துல இருந்தாரு, தணிகை. நான்தான் போன்ல ஒங்கிட்டப் பேசுறேன்னு நெனச்சுக்கிட்டாரு. வாயி கோணிக்கிட்டு வார்த்தையே வராத மனுசன், போயிட்டு வாம்மா, நான் சமாளிச்சுக்கிருவேன்னு சொன்னாரு. அதச் சொல்றதுக்குள்ள அவருக்கு எம்புட்டு நேரமாச்சு தெரியுமா?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளோடு பேசியதெல்லாம் வக்கீல் பேச்சு. மன்னிப்புக் கேட்டானா என்றால் கேட்டான், நாலைந்து விதமாக. தான் சொல்ல வேண்டியதை அவள் வாயால் சொல்ல வைத்த பிறகு இவன் வாயால் எதைச் சொன்னாலும் ஒட்டவில்லை. 'தனியாக' என்று அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். எடுத்துக்கொள்ளட்டும். அவளுடையது.

ஓட்டிப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. விண்டோஸ் இருக்கிற இயந்திரம் இவனிடம் மட்டும்தான், ஆபீஸ் கழித்துப் போட்ட பழைய லேப்டாப், காற்றாடி இரைச்சலோடு எழுந்து வர ஒரு யுகம் ஆனது. அரசியிடம் லினக்ஸும் மேக்கும் உண்டு, விண்டோஸ் கிடையாது. சோதனைக்கென்று ஒரு பத்தி எப்போதும் வைத்திருப்பார்கள், தக்காளி விலை எகிறின வருஷம் அரசி கடுப்பில் அடித்தது. போட்டான். புதுக் குரல் நன்றாகத்தான் இருந்தது, திருத்தமாக, கொஞ்சம் வகுப்பெடுக்கிற தோரணையில். நிற்கவில்லை, திணறவில்லை. விண்டோஸில் அவர்களுடைய நிரல் பேசுகிறது. பக்கத்தில் அவள் இருந்திருந்தால் குதித்திருப்பாள். சந்தையில் ஒரு கிலோ தக்காளி, என்றது புதுக் குரல். நூறு, என்றாள் அரசி. ரூபாய்க்கு விற்கிறது, என்றது புதுக் குரல். அவன் கை மேஜை மேலேயே இருந்தது. திரும்பப் போட்டான். ஒரு கிலோ தக்காளி. நூறு. அந்த நூறின் வாலில் ஒரு சிரிப்பு ஆரம்பிக்கும், முழுச் சிரிப்புக்கூட இல்லை, சிரிக்கப் போகிறவள் விடுகிற மூச்சு. எண்களை ஒன்றிலிருந்து நூறு வரை ஒரே மூச்சில் படித்துவிட்டு, முடிஞ்சதுடா சாமி என்று அவள் அலமாரியிலிருந்து எழுந்த கணம் அது. சோம்பலோ என்னவோ, அதை மட்டும் அவன் சரியாக வெட்டாமல் விட்டிருந்தான்.

எப்படி என்று அவனுக்கு உடனே விளங்கியது, வேறு எவருக்கும் விளங்காது. எண்களுக்கு மட்டும் முழுச் சொற்களாகத் தனி ஃபோல்டர். லினக்ஸிலும் மேக்கிலும் அது வெறும் கைகாட்டி, இப்போது எந்தக் குரலோ அந்தப் பக்கம் காட்டிவிடும். விண்டோஸில் அந்தக் கைகாட்டிகள் ஒழுங்காக வேலை செய்யாததால், அன்றைக்குப் பாதியில் விட்டானே அந்த முயற்சியில், எண்கள் எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்து வேறோர் இடத்தில் வைத்திருந்தான். அந்த நகல் இன்னும் நிரலுக்குள்ளேயே கிடக்கிறது. அரசியின் இயந்திரங்களில் அது கேட்காது. பூரணலிங்கமும் லினக்ஸ்காரர். காலையிலிருந்து வலைவீசித் தேடிய தப்பு இதோ, அசல் தப்பு, ஓரிடத்தில் ஒன்றும் இன்னோரிடத்தில் வேறொன்றுமாக நடப்பது, இதைக் கண்டுபிடிக்கத்தான் ரிவ்யூ என்று ஒன்றே இருக்கிறது. கிடைத்ததும் சொல்ல மனசில்லை. என்ன கெட்டுவிடும்? எண்கள்தானே. எண்களை வைத்துக்கொண்டு அவளை எதுவும் சொல்ல வைக்க முடியாது, தப்பு என் மேல என்று சொல்ல வைக்க முடியாது, எவனாலும் முடியாது, என்னாலும். பள்ளிக்கூடங்களில் அந்தப் பிள்ளைகள் பஸ் நம்பரும் பரீட்சை மார்க்கும் கேட்கும்போது அவள் இருப்பாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்னொரு தடவை போட்டான், இன்னொரு தடவை. அந்த மூச்சு. நாலாவது தடவை பொத்தானுக்குப் போன விரலைப் பார்த்தபோதுதான் 'எத்தனை தடவை போட்டுப் போட்டுக் கேட்ட' என்பது நினைவுக்கு வந்தது. ஒன்றரை வருஷத்தில் ஓர் அங்குலம்கூட நகராமல் அதே நாற்காலியில் அதையே செய்துகொண்டிருக்கிறோம் என்று அவனுக்கே அவமானமாக இருந்தது. பழைய லேப்டாப்பின் மூடியைச் சாத்தினான். எழுத உட்கார்ந்தான். விண்டோஸில் எண்களுக்கு மட்டும் பழைய குரல் வருகிறது. நான் முன்பு எடுத்து வைத்த நகல் காரணம். அதையும் நீக்க வேண்டுமா? கேள்வியாக எழுதினால், போனால் போகுது இருந்துட்டுப் போகட்டும் என்பாளோ என்று ஒரு நப்பாசை. நப்பாசைதான் என்று தெரிந்ததும் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு எழுதினான்: அதையும் நீக்க வேண்டும், இடம் கீழே குறித்திருக்கிறேன். அனுப்பினான்.

ரெஜினா அக்கா வீட்டில் மிக்ஸி ஓடி நிற்பதற்குள் பதில் வந்துவிட்டது, அவளும் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள் போல. நகல் ஃபோல்டர் நீக்கப்பட்டது, விண்டோஸிலும் புதுக் குரலின் எண்களே வரும், மீண்டும் பார்க்கவும். பழைய லேப்டாப்பை மறுபடி எழுப்பி, ஓட்டினான். நூறு என்றார் பாளையங்கோட்டை ஆசிரியை, வாலில் எதுவும் இல்லாமல். சரி என்கிற பொத்தானை அழுத்தினான். திரையில் பச்சைக் குறி விழுந்தது, மாற்றம் உள்ளே போயிற்று. அப்போதுதான் அவள் பதிலுக்குக் கீழே ஒரு வரி தள்ளி இன்னொன்றும் எழுதியிருந்ததைக் கவனித்தான். நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது தணிகை. நன்றியா, வருத்தமா, எல்லாம் கணக்குத் தீர்ந்தது என்கிறாளா? அவள் சொல்லக் கேட்டால் தெரிந்துவிடும், குரலில் எதையும் மறைக்கத் தெரியாதவள் அவள். கண்ணை மூடிக்கொண்டு அவள் அதைச் சொல்வதைக் கேட்கப் பார்த்தான். நீ சொல்லாட்டி, என்று ஆரம்பித்தது. மதுரை இழுவை இல்லை. மூச்சு இல்லை. மறுபடி முயன்றான், அவள் கோபமாக இருப்பதாக, அவள் சிரிப்பதாக, அடுப்படியிலிருந்து சொல்வதாக. மறுபடியும் மறுபடியும் நிரலில் பேசின அந்தக் குரலேதான் வந்தது, ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக, கடைசியில் அவன் பெயரை ஒட்டி அன்றைக்கு அவனே அளந்து வைத்த இடைவெளியோடு.